மோட்டாருக்கு டிரைவ் போடப் போகிறீர்களா? வி/எஃப் போதுமா, வெக்டர் வேண்டுமா என்பதை லோடு சொல்லும்

இண்டக்‌ஷன் மோட்டாருக்கு டிரைவ் (ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது பிராண்டும் விலையும்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, மோட்டார் எதைச் சுற்றப் போகிறது என்பது. பம்பா, ஃபேனா, கன்வேயரா, லேத்தா, ஹாய்ஸ்ட்டா? வோல்ட்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் ஒரே விகிதத்தில் மாற்றும் எளிய வி/எஃப் போதுமா, டார்க்கை (சுழற்றும் விசையை) நேராகக் கட்டுப்படுத்தும் சென்சார் இல்லாத வெக்டர் வேண்டுமா, ஷாஃப்ட்டின் வேகத்தை அளக்கும் என்கோடர் வரைக்கும் போக வேண்டுமா, நிறுத்தும்போது திரும்பி வரும் சக்தியைச் சூடாக்கிக் கரைக்கும் பிரேக் ரெசிஸ்டர் தேவையா, எத்தனை ஆம்ஸ் டிரைவ் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வரும். தேவையில்லாத இடத்தில் வெக்டருக்குக் காசு கொடுத்துவிட்டு, தேவையான இடத்தில் வி/எஃப்-ஐ வைத்துக்கொண்டு "டிரைவ் சரியில்லை" என்று சொல்கிறவர்கள் நிறைய.

முதல் வேலை, மோட்டாரின் நேம்பிளேட்டைத் துடைத்துப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நம் ஒர்க்‌ஷாப்களில் சாதாரணமாகக் கிடக்கும் 5 எச்பி, 4 போல் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். 3.7 கிலோவாட், 415 வோல்ட் டெல்டா, 50 ஹெர்ட்ஸ், சுமார் 7.5 ஆம்ஸ், 1440 ஆர்பிஎம் என்று இருக்கும். 120-ஐ ஃப்ரீக்வென்சியால் பெருக்கி, போல் எண்ணிக்கையால் வகுத்தால் 1500 வரும். ஸ்டேட்டரில் (மோட்டாரின் அசையாத பகுதி) காந்தப்புலம் சுற்றுகிற வேகம் அது. ஷாஃப்ட் சுற்றுவது 1440. இடையில் இருக்கும் 60 ஆர்பிஎம்தான் ஸ்லிப். அந்த 60 இல்லையென்றால் ரோட்டரில் (உள்ளே சுற்றும் பகுதி) கரன்ட்டே தூண்டப்படாது, டார்க்கும் கிடையாது.

டிரைவுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் டிரிப்கள் (டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக நின்றுவிடுவது) எல்லாம் தானாகப் புரியும். ஈபி லைனிலிருந்து வரும் மூன்று பேஸ் ஏசியை டயோடு பிரிட்ஜ் டிசியாக மாற்றுகிறது. 415 வோல்ட்டுக்கு இது ஏறக்குறைய 585 வோல்ட் டிசி. பெரிய கப்பாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்துச் சமப்படுத்துகின்றன. அப்புறம் ஆறு ஐஜிபிடிகள் (வேகமான எலக்ட்ரானிக் ஸ்விட்ச்கள்) அந்த டிசியை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பதால், மோட்டார் வைண்டிங்கில் ஓடும் கரன்ட் ஓரளவுக்குச் சைன் அலையாகவே வந்துவிடும். இதுதான் பிடபிள்யூஎம் (பல்ஸ் விட்த் மாடுலேஷன்). வெளியே வரும் வோல்ட்டேஜ் உண்மையில் வெட்டப்பட்ட 585 வோல்ட் என்பதால், சாதாரண மல்டிமீட்டரை அவுட்புட்டில் வைத்து அது காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இப்போது வி/எஃப். மோட்டாருக்குள் இருக்கும் காந்தப்புலத்தின் அளவு, வோல்ட்டேஜை ஃப்ரீக்வென்சியால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. 415-ஐ 50-ஆல் வகுத்தால் 8.3. ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட் என்ற இந்த விகிதத்தைக் காப்பாற்றினால் மோட்டார் எந்த வேகத்திலும் ஏறத்தாழ முழு டார்க் தரும். 25 ஹெர்ட்ஸில் 207 வோல்ட், 10 ஹெர்ட்ஸில் 83 வோல்ட். வி/எஃப் மோடு இவ்வளவுதான் செய்கிறது, ரோட்டர் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, கவலையும் இல்லை. 50 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் வோல்ட்டேஜ் 415-க்கு மேல் ஏறாது, விகிதம் விழும், டார்க்கும் கூடவே விழும். 70 ஹெர்ட்ஸில் லேத்தை ஓட்டிவிட்டுக் கனமான வெட்டு எடுக்கவில்லை என்று மோட்டாரைத் திட்டுவதில் நியாயமில்லை.

வி/எஃப் தடுமாறுகிற இடம் கீழ் வேகம். வைண்டிங் ரெசிஸ்டன்ஸில் 10 வோல்ட் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 415 வோல்ட்டில் அது ஒன்றுமே இல்லை. 5 ஹெர்ட்ஸில் மொத்தமே 41 வோல்ட்தான் போகிறது, அதில் 10 போனால் கால் பங்கு காணாமல் போய்விடுகிறது, காந்தப்புலம் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. இதற்காகத்தான் டார்க் பூஸ்ட் என்ற செட்டிங். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அரை அரை சதவீதமாக ஏற்றி, லோடு நகர ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். அளவுக்கு மேல் வைத்தால் மோட்டார் லோடே இல்லாமல் நின்றபடி கரன்ட் குடித்துச் சூடாகும். அடுத்தது ஸ்லிப். அதே முழு லோடுக்கு அதே 60 ஆர்பிஎம் ஸ்லிப் எந்த ஃப்ரீக்வென்சியிலும் வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 1500-க்கு 60 என்பது 4 சதவீதம். 5 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் சுற்றுவதே 150 ஆர்பிஎம், அதில் 60 போனால் ஷாஃப்ட்டில் மிஞ்சுவது 90. லோடு இல்லாதபோது 150-க்குப் பக்கத்தில் ஓடிய கன்வேயர், சரக்கு ஏறியதும் 90-க்கு இறங்குகிறது என்றால் காரணம் இதுதான். ஸ்லிப் காம்பன்சேஷனை ஆன் செய்தால் ஓரளவு சரியாகும்.

அதனால் பம்ப், ஃபேன், புளோயர் எல்லாவற்றுக்கும் வி/எஃப் தாராளமாகப் போதும், வேறு எதையும் தேடாதீர்கள். ஒரே டிரைவில் இரண்டு மூன்று மோட்டார் ஓட்டுவதாக இருந்தாலும் வி/எஃப் மட்டும்தான் சரிவரும். ஆனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஓவர்லோடு ரிலே வைத்தாக வேண்டும், ஏனென்றால் டிரைவுக்குத் தெரிவது மொத்த கரன்ட் மட்டும்.

வெக்டர் கன்ட்ரோல் வேறு கதை. மோட்டார் இழுக்கும் கரன்ட்டில் ஒரு பங்கு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, இன்னொரு பங்கு டார்க் தருகிறது. டிசி மோட்டாரில் இவை இரண்டும் தனித்தனி வைண்டிங்கில் ஓடுவதால் கட்டுப்படுத்துவது சுலபம். இண்டக்‌ஷன் மோட்டாரில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் சீமென்ஸில் இருந்த பெலிக்ஸ் பிளாஷ்கே, ரோட்டரின் காந்தப்புலத்தோடு சேர்ந்து சுற்றுகிற அச்சில் நின்று பார்த்தால் இந்த இரண்டையும் கணக்கால் பிரித்துவிடலாம் என்று வழி காட்டினார். இன்றைய வெக்டர் டிரைவ்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ரோட்டர் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை வோல்ட்டேஜ், கரன்ட் கணக்கிலிருந்தே ஊகிப்பது சென்சார் இல்லாத வெக்டர். ஷாஃப்ட்டில் என்கோடர் மாட்டி நேராக அளப்பது குளோஸ்டு லூப்.

லேத், மிக்சர், எக்ஸ்ட்ரூடர், சரக்கோடு நின்று மறுபடி கிளம்ப வேண்டிய கன்வேயர் போன்றவற்றுக்குச் சென்சார் இல்லாத வெக்டர் நல்ல தேர்வு, 1 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நல்ல டார்க் கிடைக்கும். லிஃப்ட், பெரிய ஹாய்ஸ்ட், வைண்டர் மாதிரி வேகம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் லோடைப் பிடித்து வைக்க வேண்டிய இடத்தில் என்கோடர் இல்லாமல் இறங்காதீர்கள். இதில் காசு பார்க்கக் கூடாது, கீழே ஆள் நிற்பார்கள். டிடிசி (டைரக்ட் டார்க் கன்ட்ரோல்) என்று ஒன்றும் உண்டு. ஜப்பானில் தகஹாஷியும் நொகுச்சியும் 1986-இல் வெளியிட்ட முறை. டார்க்கையும் ஸ்டேட்டர் காந்தப்புலத்தையும் கணக்கிட்டு, தனி பிடபிள்யூஎம் கட்டம் இல்லாமலே அடுத்து எந்த ஸ்விட்ச் என்று முடிவெடுக்கும். ஏபிபி 1995-இல் அதை டிரைவாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டார்க் மாற்றத்துக்கு மிக வேகமாக ஈடுகொடுக்கும்.

வெக்டர் மோடில் போட்டால் ஆட்டோ டியூன் செய்தே ஆக வேண்டும். டிரைவ் மோட்டாரின் ரெசிஸ்டன்ஸையும் இண்டக்டன்ஸையும் அளந்துகொண்டால்தான் கணக்கு சரியாக வரும். மோட்டாரைச் சுற்றவிட்டு அளப்பதே மேல், அதற்குக் கப்ளிங்கையோ பெல்ட்டையோ கழற்ற வேண்டும். கழற்றவே முடியாது என்றால் நின்றபடி அளக்கும் டியூன் இருக்கிறது. மோட்டார் ஆறிய நிலையில் செய்யுங்கள், சூட்டில் ரெசிஸ்டன்ஸ் மாறிவிடும். கேபிளை மாற்றினாலும், மோட்டாரை ரீவைண்டிங் செய்து வந்தாலும் மறுபடி டியூன் செய்ய வேண்டும். காயில் கட்டியபின் சுற்று எண்ணிக்கையும் கம்பி கேஜும் அப்படியே இருக்கும் என்று உறுதி இல்லை, நேம்பிளேட்டோ பழையதே இருக்கும்.

டிரைவ் சைஸை எச்பி பார்த்து எடுக்காதீர்கள், ஆம்ஸ் பாருங்கள். போர்வெல்லுக்குள் இறங்கும் போர் மோட்டார் அதே எச்பி சாதாரண மோட்டாரைவிட அதிக கரன்ட் இழுக்கும், எச்பி கணக்கில் வாங்கினால் டிரைவ் சின்னதாகிவிடும். கேட்டலாக்கில் பெரும்பாலும் இரண்டு ரேட்டிங் இருக்கும். 110 சதவீதத்தை ஒரு நிமிடம் தாங்குவது நார்மல் டியூட்டி, பம்புக்கும் ஃபேனுக்கும் இது போதும். கன்வேயர், மிக்சர், கிரஷருக்கு 150 சதவீதம் தாங்கும் ஹெவி டியூட்டியைப் பார்த்து எடுங்கள்.

சிங்கிள் பேஸ் மட்டும் இருக்கும் இடத்தில் 1 அல்லது 2 எச்பி மூன்று பேஸ் மோட்டாரை ஓட்ட ஒரு நல்ல வழி இருக்கிறது. இந்த அளவு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டப்பட்டவை. டெர்மினல் பாக்ஸில் ஆறு முனைகளும் வெளியே இருந்தால் லிங்க்கை மாற்றி டெல்டாவாக்கிவிடுங்கள், அப்போது அதே மோட்டார் 240 வோல்ட் மோட்டார். 230 வோல்ட் சிங்கிள் பேஸ் உள்ளே போய், 230 வோல்ட் மூன்று பேஸ் வெளியே தரும் டிரைவோடு பொருந்திவிடும். கரன்ட் மட்டும் 1.73 மடங்கு ஆகும்; நேம்பிளேட்டில் 1.8 ஆம்ஸ் என்றால் டிரைவில் 3.1 என்று வைக்க வேண்டும்.

வயரிங்கில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே பவர் ஃபேக்டர் கப்பாசிட்டர் இருந்தால் கழற்றுங்கள், பழைய ஸ்டார்ட்டர் பேனலில் இது ஒளிந்திருக்கும். மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போடும்போது மோட்டார் வயர்களை டிரைவிலிருந்து பிரித்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் ஐஜிபிடி போய்விடும். மோட்டார் எர்த்தை நேராக டிரைவின் எர்த் டெர்மினலுக்குக் கொண்டுவாருங்கள். சிக்னல் வயர்களைப் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் போடாதீர்கள். கேபிள் நீளமாக இருந்தால், துடிப்புகள் மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது டிசி பஸ் (கப்பாசிட்டர்களில் நிற்கும் டிசி) வோல்ட்டேஜைப் போல இரண்டு மடங்கு, அதாவது 1200 வோல்ட் வரைக்கும் வைண்டிங் மேல் ஏறும். ரீவைண்டிங் செய்த பழைய மோட்டார்கள் டிரைவ் போட்டபின் சீக்கிரம் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். துடிப்புகளின் திடீர் ஏற்றத்தை மட்டுப்படுத்தும் அவுட்புட் சோக் அல்லது டிவி/டிடி ஃபில்டர் போடுங்கள், கேரியர் ஃப்ரீக்வென்சியையும் (ஐஜிபிடிகள் வெட்டும் வேகம்) தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் மோட்டார் கீச்சிடுவது குறையும் என்பது உண்மை, ஆனால் டிரைவ் சூடாகும், லீக்கேஜ் கரன்ட்டும் கூடும்.

உள்ளே கை வைக்கும் முன் பவரை நிறுத்தி, டிரைவில் எழுதியிருக்கும் நேரம் வரை, வழக்கமாக 5 முதல் 10 நிமிடம், காத்திருங்கள். அப்புறமும் டிசி பிளஸ், மைனஸ் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். டிஸ்ப்ளே அணைந்துவிட்டால் கப்பாசிட்டர் காலி என்று அர்த்தமில்லை.

பாராமீட்டர் போடும்போது முதலில் ஃபேக்டரி ரீசெட். அப்புறம் நேம்பிளேட்டில் இருக்கும் வோல்ட்டேஜ், கரன்ட், ஃப்ரீக்வென்சி, ஆர்பிஎம், கிலோவாட். ஆர்பிஎம் இடத்தில் 1500 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் ஸ்லிப் பூஜ்யம் என்று டிரைவ் நினைத்துக்கொள்ளும், 1440 தான் போட வேண்டும். அப்புறம் மோட்டார் தெர்மல் ஓவர்லோடு, குறைந்தபட்ச, அதிகபட்ச ஃப்ரீக்வென்சி. ஷாஃப்ட்டிலேயே ஃபேன் இருக்கும் மோட்டார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழு லோடில் வெகுநேரம் ஓடினால் காற்று போதாது, தனி கூலிங் ஃபேன் வையுங்கள். போர் மோட்டாரை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே விடாதீர்கள், அடியில் இருக்கும் திரஸ்ட் பேரிங் தண்ணீர்ப் படலத்தில் நிற்பது, வேகம் குறைந்தால் படலம் உடைந்துவிடும்.

பம்பிலும் ஃபேனிலும் பவர் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. 40 ஹெர்ட்ஸ் என்றால் 0.8-இன் மூன்றாம் அடுக்கு, ஏறக்குறைய 51 சதவீதம். ஃபேனில் இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துப்போகும். போர்வெல்லில் அப்படியே எதிர்பார்க்காதீர்கள். அதே 40 ஹெர்ட்ஸில் பம்பின் ஹெட் (தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) 64 சதவீதமாக இறங்கும். தண்ணீர் ஏற வேண்டிய உயரம் அதைவிட அதிகம் என்றால் மோட்டார் சுற்றும், மேலே ஒரு சொட்டும் வராது.

டிரிப் வந்தால் எப்போது வந்தது என்று பாருங்கள். கிளம்பும்போது ஓவர் கரன்ட் வந்தால் ஆக்சலரேஷன் நேரத்தைக் கூட்டுங்கள், டார்க் பூஸ்ட் அதிகமா என்று பாருங்கள், லோடு எங்காவது ஜாம் ஆகியிருக்கிறதா என்று கையால் சுற்றியும் பாருங்கள், பவரை லாக் செய்துவிட்டு. நிற்கும்போது ஓவர் வோல்ட்டேஜ் வந்தால், சுற்றிக்கொண்டிருக்கும் கனம் மோட்டாரை ஜெனரேட்டராக்கி டிசி பஸ்ஸுக்குள் கரன்ட்டைத் திருப்பி அனுப்புகிறது. பஸ் 800 வோல்ட் பக்கம் போனதும் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திவிடுகிறது. டீசலரேஷன் நேரத்தை 5 நொடியிலிருந்து 20 நொடியாக்கினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். சீக்கிரம் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் பிரேக் ரெசிஸ்டர், அதன் ஓம் மதிப்பு டிரைவ் மேனுவலில் சொல்லியிருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. ஃபேன் ஏற்கெனவே காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட் கொடுத்து டிரிப் ஆனால் ஃப்ளையிங் ஸ்டார்ட்டை (ஏற்கெனவே சுற்றும் வேகத்தைப் பிடித்து அங்கிருந்தே தொடங்கும் வசதி) ஆன் செய்யுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் மெஷின் அதிர்ந்தால் அந்த ஃப்ரீக்வென்சியை ஸ்கிப்பில் போட்டுவிடுங்கள்.

எல்லாம் செட் ஆனதும், முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டி, ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸ் கரன்ட்டையும் பாருங்கள். மாற்றிய பாராமீட்டர்களை எண்ணோடு ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கீபேடில் காப்பி வசதி இருந்தால் அதிலும் ஏற்றி வையுங்கள், டிரைவ் மாற்ற வேண்டி வந்தால் பத்து நிமிட வேலையாக முடியும்.