காய்களை உள்ளே வைக்கும் செஸ் பலகை: வாங்குமுன் மூடிப் பாருங்கள்

மகளுக்காகப் புறக்கோட்டையில் வாங்கிய முதல் பலகைக்கு மூன்றே மாதத்தில் பிணைச்சல் கழன்றது. இரண்டாவது இன்னும் உழைக்கிறது. கடைக்குப் போகும்போது ஒரு அடிமட்டம் கொண்டு போங்கள், போதும்.

முதலில் கட்டம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் போட்டி அளவில் ராஜா 9.5 செ.மீ. உயரம், கட்டம் 5 முதல் 6 செ.மீ. மடிக்கும் பலகைகள் பெரும்பாலும் இதைவிடச் சிறியவை. வீட்டுக்கு 4 செ.மீ. கட்டமே தாராளம். ஒரே கட்டத்தில் நாலு சிப்பாய்களை நெருக்கி நிறுத்துங்கள். கோட்டைத் தாண்டாமல் கட்டத்தை நிறைத்தால் காயும் பலகையும் பொருத்தம்.

இனி நான் சறுக்கிய இடம். கடைக்காரர் வெள்ளைக் காய்களை மட்டும் அடுக்கி மூடிக் காட்டினார். அழகாக மூடியது. வீட்டில் 32 காய்களையும் வைத்தால் கொளுக்கி எட்டவில்லை. மேல் பாதியில் ஒரு ராஜா, கீழ் பாதியில் மற்றது. இரண்டின் அடிப்பாகமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு முறையும் அமத்தி மூடியதில் திருகாணி இளகி, நடுக்கோட்டில் மேடு விழுந்துவிட்டது. அதன் பக்கத்தில் வைத்த குதிரை குடித்தவன் போலச் சாய்ந்து நிற்கும். ஆகவே கடையிலேயே எல்லாக் காய்களையும் (உபரி ராணிகள் இருந்தால் 34) அடுக்கி மூடி, கவிழ்த்து ஆட்டுங்கள். கடகடவென்றால் குழிகள் பெரிது. அப்புறம் விரித்து நடுக்கோட்டில் விரலை ஓட்டுங்கள். நகம் தட்டினால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

என் வாக்கு லாச்சி வைத்த பலகைக்குத்தான்: மடிப்பே இல்லை, மேடும் இல்லை. பாரம் கூட, அதனால் பாடசாலைக்குக் கொண்டு போக மடிப்பதுதான் வசதி. லாச்சியை முழுதாக இழுத்து அடித்தட்டைப் பாருங்கள். மெல்லிய பலகையை ஆணியால் மட்டும் அடித்திருந்தால், அடியில் எடை வைத்த காய்களைத் தாங்காது. இரு பக்கமும் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். கொழும்பு ஈரக்காற்றில் மரம் ஊதும்.

பிற்சேர்க்கை: ஐப்பசி மழையில் லாச்சி இறுகிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், பிசுபிசுக்கும். மழை விட்டு இளகியதும் ஓரங்களில் மெழுகுதிரியைத் தேயுங்கள். இன்னொருவருக்கு உள்ளே ஒட்டிய வெல்வெட்டில் பூஞ்சணம். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் கறுப்பு ராணிக்குப் பக்கத்தில் ஒன்று எப்போதும் கிடக்கும்.