கைத்துப்பாக்கித் தோட்டா ரீலோடிங்: மருந்தைத் தேர்வதிலும் அளப்பதிலும் நடக்கும் தவறுகள்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, புது பிரைமர் (அடித்ததும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அடித்து, வெடிமருந்து போட்டு, குண்டைப் பொருத்தி மறுபடி தோட்டாவாக்குவதற்குத்தான் ரீலோடிங் என்று பெயர். அமெரிக்காவில் இது பழைய பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்குச் செய்தால் அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்கென்றால் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே கீழே வருவதெல்லாம் இந்தப் பழக்கம் சட்டப்படி செல்லும் ஊர்களைப் பற்றியது.

முதலில் கணக்கு. மருந்தை நிறுப்பது கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4. பெரிய ரைபிள் கூட்டில் 45, 50 கிரெயின் விழும். அதில் 0.2 கிரெயின் கூடினால் அரை சதவீதம்கூட இல்லை. 9 மி.மீ. பிஸ்டலில் போடுவதே நாலைந்து கிரெயின்தான். அங்கே அதே 0.2 என்பது ஐந்து சதவீதம். போதாக்குறைக்குக் கூட்டில் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கும். கைத்துப்பாக்கி ரீலோடிங்கின் ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

விலையைப் பார்த்து மருந்து வாங்குவது

புதிதாக வருபவர்களைப் பெரும்பாலும் இழுப்பது சிக்கனம். டைட்குரூப் மாதிரி அடர்த்தியான, வேகமாக எரியும் மருந்தில் ஒரு தோட்டாவுக்கு 3.5 கிரெயின் போதுமென்றால் ஒரு பவுண்டில் 2,000 தோட்டா. ஐந்து கிரெயின் கேட்கும் மருந்தில் 1,400தான். கணக்கு சரி. ஆனால் .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் கூட்டில் அந்த 3.5 கிரெயின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்தத் தோட்டா 1898இல், நிறைய இடம் பிடிக்கும் பழைய கறுப்பு மருந்தின் காலத்தில் வந்தது, அதனால்தான் கூடு இத்தனை நீளம். கவனம் சிதறி அதே கூட்டில் இன்னொரு தடவை மருந்து விழுந்தாலும் வெளியே தெரியாது. மேலே குண்டு ஒழுங்காக உட்கார்ந்துவிடும். சுடும்போது ரிவால்வரின் உருளை பிளந்தால்தான் தெரியவரும்.

ஆகவே வேகத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் பருமனைப் பாருங்கள். இரண்டாவது தடவை விழுந்தால் வழிய வேண்டும், குறைந்தபட்சம் கண்ணில் குத்துகிற உயரத்துக்காவது வர வேண்டும். 9 மி.மீ.க்கு எச்எஸ்-6, பவர் பிஸ்டல் போன்ற மிதவேக மருந்துகள் கூட்டை நன்றாக நிரப்பும். .38க்கு யூனிக் பரவாயில்லை, செதில் செதிலாகப் பருத்திருக்கும். அந்தச் செதிலாலேயே, மருந்தை அளந்து கொட்டும் கருவியான அளவியில் சீராக இறங்காது என்பது அதன் குறை. புதியவர் கையில் அந்தக் குறை, டைட்குரூப்பின் சிக்கனத்தைவிட மேல்.

எல்லா மருந்துக்கும் ஒரே புத்தி சொல்ல முடியாது. .357 மேக்னத்தில் போடும் எச்110 கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடும், இரட்டிப்பாகப் போட இடமே இல்லை. அதன் ஆபத்து எதிர்ப்பக்கம். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று குறைத்துப் போட்டால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். தயாரிப்பாளரான ஹாட்ஜ்டனே தன் அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்கிறது. மற்ற மருந்துகளுக்குச் சொல்லும் ‘உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்கு’ என்ற வழக்கம் இங்கே செல்லாது.

பெயரை நம்பி ஏமாறுவது

ஹாட்ஜ்டன் எச்பி-38ம் வின்செஸ்டர் 231ம் ஒரே மருந்து, டப்பாதான் வேறு. எச்110, வின்செஸ்டர் 296 ஜோடியும் அப்படியே. இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து செய்யும் தப்பு, பெயர் ஒத்திருக்கும் எல்லாமே ஒன்றுதான் என்று நினைப்பது. கிளேஸ், இன்டர்நேஷனல் கிளேஸ், யுனிவர்சல் கிளேஸ் மூன்றும் எரியும் வேகத்தில் வேறுவேறு. யுனிவர்சலுக்கான அளவில் கிளேஸைப் போட்டால் அழுத்தம் எகிறிவிடும். எச்பி-38க்கும் எச்எஸ்-6க்கும் உறவே இல்லை. ரீலோடிங் கையேட்டில் இருக்கும் பெயரை டப்பாவின் மேல் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

எரிவேகப் பட்டியலைப் பார்த்து, ‘இதுவும் அதுவும் அடுத்தடுத்து இருக்கின்றன, அளவும் கிட்டத்தட்ட அதுதான் இருக்கும்’ என்று ஊகிப்பதும் இதே ரகம். அந்தப் பட்டியல் வரிசையைத்தான் சொல்லும், இடைவெளி எவ்வளவு என்று சொல்லாது.

கறுப்பு மருந்தைக் கொள்ளளவில் அளப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றைய புகையில்லா மருந்தையும் அதே கரண்டியால் அள்ளிப் பழைய மாதிரித் துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கி சிதறும். இதில் விதிவிலக்கு தேடவே வேண்டாம்.

அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் படிப்பது

கையேட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு தொகுப்பு: இந்தக் கூடு, இந்தப் பிரைமர், இந்தக் குண்டு, இந்த மொத்த நீளம், இந்த மருந்து. ஒன்றை மாற்றினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். 115 கிரெயின் குண்டுக்கான அளவை 124க்குப் போடக் கூடாது. ஈயக் குண்டும் செப்பு உறை போட்ட குண்டும் ஒன்றல்ல. குண்டின் எடையும் மருந்தின் எடையும் ஒரே கிரெயினில் இருப்பதால் புதியவர்கள் குழம்புவதும் உண்டு.

.38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டமுள்ள குண்டைப் போடுபவை, .357 கூடு சுமார் எட்டில் ஒரு அங்குலம் நீளம், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்த அழுத்த வரம்பு .38க்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357க்கு 35,000. பக்கம் மாறிப் படித்தால் இரட்டிப்பு.

9 மி.மீ.யில் மறந்துபோகும் விஷயம் நீளம். கூடு குட்டையானது, குண்டு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் சட்டென்று ஏறும். மருந்தை நூலளவு பார்த்து நிறுத்துவிட்டுக் குண்டை அலட்சியமாக அழுத்தினால் நிறுத்ததெல்லாம் வீண். கூட்டின் வாய் குண்டை இறுகப் பிடிக்காமல் இருந்தாலும் இதே கதைதான், மேகசினிலிருந்து ஏறும்போது மூக்கு இடித்துக் குண்டு உள்ளே போய்விடும்.

தொடக்க அளவில் ஆரம்பித்து 0.1, 0.2 கிரெயினாக மட்டுமே ஏற்ற வேண்டும். ‘பிரைமர் தட்டையாகும்வரை ஏற்றலாம்’ என்று ரைபிள்காரர்கள் பேசுவதைக் கைத்துப்பாக்கிக்குக் கொண்டுவராதீர்கள். பெரும்பாலான கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் பிரைமர் அந்த அடையாளத்தைக் காட்டும் நேரத்தில் வரம்பு தாண்டியிருக்கும்.

தராசு

மலிவான மின்தராசில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிராம், கிரெயின், காரட், அவுன்ஸ் என்று அலகு மாறிக்கொண்டே வரும். கிராமில் மாட்டிக்கொண்டால் உடனே தெரிந்துவிடும். நாலு கிராம் என்பது 60 கிரெயினுக்கு மேல், கைத்துப்பாக்கிக் கூட்டில் கொள்ளாது. வில்லங்கம் காரட்டில் இருக்கிறது. ஒரு காரட் 0.2 கிராம், அதாவது சுமார் 3.1 கிரெயின். திரையில் 4.0 என்று பார்த்துவிட்டுக் கொட்டுவது 12.3 கிரெயினாக இருக்கும். அடர்த்தியான மருந்தென்றால் .38 கூடு அதையும் விழுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை ஆன் செய்ததும் அலகைப் பாருங்கள். பிறகு எடை தெரிந்த ஒரு சோதனைக் கல்லை வையுங்கள். கூடவே வரும் 50 கிராம் கல் மட்டும் போதாது, நீங்கள் நிறுக்கப் போவது கால் கிராம் சமாச்சாரம். 5 கிரெயின் கல் ஒன்று தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

மின்தராசு சூடேற நேரம் கொடுங்கள். மின்விசிறி, ஏ.சி. காற்று, பக்கத்தில் வைத்த செல்போன் எல்லாம் எண்ணை நகர்த்தும். தட்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் பழைய எண் வர வேண்டும், வராவிட்டால் அதுவரை நிறுத்ததைச் சந்தேகப்படுங்கள். துலாக்கோல் தராசுக்கு மின்சாரத் தொல்லை இல்லை. ஆனால் மேசை சமமாக இருக்க வேண்டும், பூஜ்ஜியம் பார்க்க வேண்டும், முள்ளுக்கு நேரே கண்ணை வைத்துப் படிக்க வேண்டும்.

அளவியும் கையும்

சுழலும் உருளையுள்ள அளவி (பவுடர் மெஷர்) கொள்ளளவில்தான் அளக்கிறது, தராசு எடையைச் சொல்கிறது. மருந்தை ஊற்றியவுடன் விழும் முதல் பத்துப் பதினைந்து அளவுகள் மருந்து அமர்வதற்குள் மாறிக்கொண்டிருக்கும். அவற்றை அளவியின் மேலிருக்கும் குடுவையிலேயே திருப்பிக் கொட்டிவிடுங்கள். பிறகு பத்து அளவை ஒரே தட்டில் போட்டு நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி துல்லியமாகத் தெரியும். கைப்பிடியை ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் இழுப்பது முக்கியம். குடுவை கால்பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். செதில் மருந்து குழாய்க்குள் பாலம் மாதிரி கட்டிக்கொள்ளும். அப்போது ஒரு கூட்டில் அரை அளவும் அடுத்ததில் ஒன்றரை அளவும் விழும். தனித்தனியாக நிறுத்தால் இரண்டுமே தப்பு, சராசரியில் ஒன்றும் தெரியாது. அதனால் பத்துக்கு ஒன்றைத் தனியாக எடுத்து நிறுத்துக்கொண்டே போக வேண்டும்.

மருந்து போடாத கூடுகள் தாங்கியில் தலைகீழாக நிற்கட்டும். போட்டது மட்டும் நிமிர்ந்து நிற்கும். தாங்கியில் இருப்பதெல்லாம் முடிந்ததும், குண்டை வைப்பதற்கு முன், டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். ஒன்று மட்டும் உயரமாகவோ பள்ளமாகவோ இருந்தால் பளிச்சென்று தெரியும். முடிந்த தோட்டாவை நிறுத்துக் கண்டுபிடிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். பல கம்பெனிக் கூடுகள் கலந்திருந்தால் அவற்றின் எடை வித்தியாசமே சில கிரெயின் வரும். நாலு கிரெயின் மருந்து இருப்பதும் இல்லாததும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

புரோகிரெசிவ் பிரஸ்ஸில் (ஒரே இழுப்பில் பல கூடுகளில் வெவ்வேறு வேலைகளைச் செய்யும் இயந்திரம்) வேலை நடுவே தடைபட்டால், போன் வந்தாலோ பிரைமர் சிக்கினாலோ, தட்டில் நிற்கும் கூடுகளையெல்லாம் எடுத்து மருந்தைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். ‘இதில் போட்டேனா?’ என்று யோசிப்பதைவிட அது சீக்கிரம் முடியும்.

மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பா. முடித்ததும் குடுவையைக் காலி செய்து அதே டப்பாவில் ஊற்றுங்கள். இரவெல்லாம் குடுவையில் விட்டால் நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கும், காலையில் அது எந்த மருந்து என்ற சந்தேகமும் வரும். பெயர் தெரியாத மருந்து மருந்தே இல்லை. புளித்த காட்டமான வாடை அடித்தாலோ செம்பழுப்புத் தூசி படிந்திருந்தாலோ கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதையும் பயன்படுத்தாதீர்கள்.

சுடும் இடத்தில் ‘டப்’ என்று அமுங்கிய சத்தம் கேட்டால், உதை குறைந்திருந்தால், அடுத்த விசையை இழுக்காதீர்கள். மருந்தே இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தாலும் குண்டு குழலுக்குள் ஏறி நின்றுவிடும். பின்னால் இன்னொன்று வந்தால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு, தோட்டாக்களை இறக்கி, குழலில் ஒளி தெரிகிறதா என்று தோட்டா நிற்கும் அறைப் பக்கமிருந்து பாருங்கள். அடைத்திருந்தால் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும். அதே தொகுதியில் மிச்சமிருக்கும் தோட்டாக்களைச் சுடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, குண்டு பிடுங்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தை நிறுத்துப் பாருங்கள். காணாமல் போன அந்த நாலு கிரெயின் பக்கத்துக் கூட்டில் இருக்கலாம்.