நான்காவது பாரும் நான்கு ட்ரையாட்களும்: ப்ளூஸ் சோலோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதகையில் என்னிடம் கிதார் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்துக் கை தேறியவர்கள். சி, ஜி, டி என்று மேஜர் கார்டுகள் அவர்களுக்குத் தூக்கத்திலும் விரலுக்கு வரும். ஐந்து சுர வரிசையான பென்டடானிக்கில் ப்ளூஸ் வாசிப்பதும் விரைவில் பிடிபட்டுவிடும். அதற்கு அடுத்த படியாக, அரைச் சுரமும் முழுச் சுரமும் மாறி மாறி வரும் டிமினிஷ்ட் ஸ்கேலை எடுக்கும்போதுதான் வாசிப்பு தடுமாறுகிறது. எட்டுச் சுரங்களையும் மேலும் கீழுமாக ஓட்டுகிறார்கள். கேட்பவர் காதில் பயிற்சிப் பாடம்தான் விழுகிறது. அந்த ஸ்கேலுக்குள் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மேஜர் ட்ரையாட்கள், அதாவது மூன்று சுர மேஜர் கார்டுகள், நான்கு இருக்கின்றன. அவற்றை எங்கே எடுத்து எங்கே இறக்குவது என்பதுதான் கற்க வேண்டியது.

ஏ ப்ளூஸை எடுத்துக்கொள்வோம். ஏ மேஜரோடு ஜி-யும் சேர்ந்த ஏ7 கார்டுக்குப் பொருந்துவது அரைச் சுரம், முழுச் சுரம் என்று மாறி மாறி ஏறும் வரிசை: ஏ, பி ஃப்ளாட், சி, சி ஷார்ப், ஈ ஃப்ளாட், ஈ, எஃப் ஷார்ப், ஜி. கர்நாடக இசை பழகியவர்கள் ஏ-யை ஷட்ஜமாக வைத்து, ராமப்பிரியா ராகத்தின் சுரங்களோடு சாதாரண காந்தாரத்தையும் சேர்த்துப் பாடிப் பார்க்கலாம். இதே வரிசை கிடைக்கும். முழுச் சுரத்தில் தொடங்கும் டிமினிஷ்ட் ஸ்கேலும் ஒன்று உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வது முதல் தவறு. ஏ-யிலிருந்து முழுச் சுரத்தில் ஏறினால் சி ஷார்ப் காணாமல் போய், ஜி ஷார்ப் உள்ளே வந்து, கார்டில் இருக்கும் ஜி-யோடு மோதும்.

இந்த ஸ்கேலை முற்றிலும் அந்நியமானதாக நினைத்து அஞ்சுவதும் தவறே. ஏ ப்ளூஸ் ஸ்கேலின் ஆறு சுரங்களில் டி தவிர மற்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. சி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும் ஏ7-க்கு வழக்கமாக வாசிக்கும் ஏழு சுர வரிசையான மிக்ஸோலிடியனில் ஏற்கெனவே பழகியவை. புதிதாக வந்திருப்பது பி ஃப்ளாட் ஒன்றுதான்.

இனி ட்ரையாட்கள். ஏ, சி, ஈ ஃப்ளாட், எஃப் ஷார்ப் ஆகிய நான்கு மேஜர் ட்ரையாட்களும் இந்த எட்டுச் சுரங்களிலேயே அமைந்துவிடுகின்றன. 4, 3, 2 ஆகிய தந்திகளின் மேல் ஒரே விரலைப் படுக்கவைத்து அழுத்துங்கள். 2-ஆம் ஃப்ரெட்டில் ஏ, 5-இல் சி, 8-இல் ஈ ஃப்ளாட், 11-இல் எஃப் ஷார்ப். பலர் தவறுவது இடத்தில்தான். முதல் பாரிலேயே, அதாவது தாளத்தின் முதல் சுற்றிலேயே, இவற்றை இறைக்கத் தொடங்குகிறார்கள். ஏ7 வீட்டுக் கார்டாக நிலைத்து ஒலிக்க வேண்டிய இடத்தில் பி ஃப்ளாட் காரணமில்லாத உறுத்தலாகத்தான் கேட்கும். 12 பார் ப்ளூஸில் ஐந்தாவது பார் டி7-க்கு நகர்கிறது. அதற்கு முந்தைய நான்காவது பாரில்தான் ஏ7 வேறிடம் போகத் தவிக்கிறது. இந்த ட்ரையாட்களுக்கு உரிய இடம் அதுவே. ப்ளூஸில் டிமினிஷ்ட் ஸ்கேலைக் கையாள்வதற்குப் பெயர் பெற்ற ராபன் ஃபோர்டின் வாசிப்பில் இந்தத் திருப்பத்தைக் கவனித்துக் கேளுங்கள்.

நான்காவது பாரில் 8-ஆம் ஃப்ரெட்டின் ஈ ஃப்ளாட் ட்ரையாடை வாசித்து, ஐந்தாவது பாரின் முதல் அடியில் ஒரே ஒரு ஃப்ரெட் கீழே இறங்கிப் பாருங்கள். மூன்று சுரங்களும் சேர்ந்து டி மேஜரில் போய் அமரும். பி ஃப்ளாட் ஏ ஆகிறது, ஈ ஃப்ளாட் டி ஆகிறது, ஜி எஃப் ஷார்ப் ஆகிறது. இவ்வளவு அழகான இறக்கம் கையருகே இருக்கும்போது, ட்ரையாடை வாசித்துவிட்டு அந்தரத்தில் விட்டுவிடுவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. எஃப் ஷார்ப் ட்ரையாட் வேறு விதமாக இறங்கும்: எஃப் ஷார்ப் அசையாமல் நிற்க, சி ஷார்ப் மேலேறி டி ஆகும், மேலே உள்ள பி ஃப்ளாட் கீழிறங்கி ஏ ஆகும். சி ட்ரையாடில் ஜி மட்டும் எஃப் ஷார்ப்புக்கு இறங்கினால் போதும். சி அப்படியே டி7-இன் ஏழாவது சுரமாகிவிடும்.

ஒரே வடிவம் மூன்று ஃப்ரெட்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், நான்கையும் வரிசையாக ஏணியேறி வாசிக்கக் கை பரபரக்கும். அப்படி ஏறினால் வாக்கியத்துக்குத் திசை இராது. இரண்டு ட்ரையாட்களைத் தேர்ந்தெடுங்கள், தாளத்தை உடைத்து வாசியுங்கள், முன்னும் பின்னும் பென்டடானிக் வாக்கியம் ஒன்றை வையுங்கள்.

ஐந்தாவது பார் வந்த பிறகும் பழைய வரிசையிலேயே நிற்பது இன்னொரு தவறு. டி7-இல் இருப்பது சி. மேலே நீங்கள் சி ஷார்ப்பை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். டிமினிஷ்ட் ஸ்கேல்கள் மொத்தமே மூன்றுதான். ஏ7, டி7, ஈ7 ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று கச்சிதமாகப் பிரிந்துவிடும். எனவே 12-ஆவது பாரின் ஈ7-க்கு ஈ, ஜி, பி ஃப்ளாட், சி ஷார்ப் ட்ரையாட்களை எடுக்கலாம்.

எல்லாச் சுரத்தையும் வளைக்கும் பழக்கமும் இங்கே உதவாது. கமகத்தில் வளர்ந்த கைகளுக்கு இது கடினம் என்பதை அறிவேன். சி-யைச் சற்று வளைத்து சி ஷார்ப்பை நோக்கித் தள்ளுங்கள், அது ப்ளூஸின் உயிர். பி ஃப்ளாட்டையும் ஈ ஃப்ளாட்டையும் நேராக நிறுத்துங்கள். சுருதி சற்று நழுவினாலும் வேண்டுமென்றே வாசித்தது பிழையாகக் கேட்கும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் மலையில் இதில் தனிக் கவனம் வேண்டும். குளிர்ந்த அறையில் சுருதி சேர்த்த தந்திகள் கைச்சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். கால் மணி நேரம் வாசித்துக் கிதாரைச் சூடாக்கிய பிறகு மீண்டும் சுருதி பாருங்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனையும் குறைத்துக்கொள்ளுங்கள், மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது அது அவற்றைக் குழப்பிவிடும்.

குழுவாக வாசிக்கும்போது கீபோர்டுக்காரரிடம் முன்பே பேசிவிட வேண்டும். ஏ9 கார்டில் பி இருக்கிறது. உங்கள் பி ஃப்ளாட்டும் அதுவும் நேருக்கு நேர் மோதும். நான்காவது பாரில் மட்டும் வெறும் ஏ7 வாசிக்கச் சொன்னால் போதும். மைனர் ப்ளூஸில் வீட்டுக் கார்டின் மேல் இந்த ட்ரையாட்கள் பொருந்தா. அங்கே ஈ7 வரும்வரை காத்திருங்கள்.