கடலோர விடுதிக்கும் மீன் கடைக்கும் மார்க் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

“அறை சின்னது. சாப்பாடு சுமார். கடலே தெரியவில்லை. இரண்டு நட்சத்திரம்.” இங்கிலாந்தில் விட்பியிலோ மார்கேட்டிலோ வெஸ்டனிலோ இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தவர்கள் எழுதும் ரிவ்யூ பலவும் இந்த ரகம்தான். படிக்கிறவருக்கு இதில் ஒன்றும் தேறாது. எந்த மாடி, எந்த மாதம், எவ்வளவு கொடுத்தார், எத்தனை மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்தார் என்று நாலு விவரம் சேர்த்திருந்தால் அதே குறை உருப்படியான தகவலாகியிருக்கும். இங்கிலாந்துக் கடலோர ஊர்களில் இது ரொம்ப முக்கியம். அலை வற்றியதற்கும், கட்டடம் நூறு வருஷம் பழையது என்பதற்கும், ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கும் சேர்த்து விடுதிக்காரர் தலையில் பழி விழுந்துவிடுகிறது. உண்மையிலேயே மோசமான இடம் அந்தச் சத்தத்தில் தப்பித்துக்கொள்கிறது.

முதல் குழப்பம் நட்சத்திரம். சுற்றுலா அமைப்பான விசிட்இங்லண்ட், வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏ ஆகியவை கொடுக்கும் நட்சத்திரத்தில் ஓட்டலுக்கு ஒரு அளவுகோல். படுக்கையும் காலைச் சாப்பாடும் தரும் பி அண்ட் பி, கெஸ்ட் ஹவுஸ் வகைக்கு வேறு அளவுகோல். நான்கு நட்சத்திர கெஸ்ட் ஹவுஸ் என்றால் அந்த வகைக்குள் நல்ல இடம் என்று பொருள். ராத்திரி முழுக்க வரவேற்பறையில் ஆள் இருப்பார், அறைக்குச் சாப்பாடு வரும், லிஃப்ட் இருக்கும் என்றெல்லாம் பொருளில்லை. பெரும்பாலும் ஒரு தம்பதி நடத்தும் வீடு அது. காலையில் முட்டை பொரித்தவரே பதினொரு மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்றுவார். அதனால்தான் அறை மதியம் மூன்று, நான்கு மணிக்குத்தான் கிடைக்கும். மறுநாள் பத்துக்குள் காலி செய்யச் சொல்வார்கள். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியோடு போய் நின்றுவிட்டு “வாசலிலேயே காக்க வைத்தார்கள்” என்று எழுதுவது நியாயமில்லை. பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டும் மறுத்தார்கள் என்றால் அதை எழுதலாம்.

கட்டிடமும் அப்படித்தான். கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் விக்டோரியா காலத்து வீடுகள் ஒல்லியாக, நாலைந்து மாடி உயரத்தில் இருக்கும். மேல்மாடி அறையின் கூரை சரிந்திருக்கும்; கட்டிலிலிருந்து எழுந்தால் உத்திரத்தில் தலை இடிக்கும். இரண்டாம் மாடி முன்பக்க அறைக்கும் சரிந்த கூரைக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் அறைக்கும் ஒரே ரிவ்யூ எழுதினால் இரண்டுக்கும் பொருந்தாது. ஆகவே அறை எண்ணை எழுதுங்கள். படிகளை எண்ணுங்கள். முட்டிவலிக்காரர் ஒருவருக்கு “மூன்றாம் மாடி, 46 படி, கைப்பிடி ஒரு பக்கம்தான்” என்ற ஒரு வரி, பத்து நட்சத்திரத்தைவிட உதவும்.

கட்டிலைக் கையால் அளந்து பார்ப்பதும் நல்லது. இங்கே சாதாரண டபுள் என்பது 135 சென்டிமீட்டர் அகலம், கிங் 150. ‘ஸ்மால் டபுள்’ என்று சொல்லி 120 சென்டிமீட்டரில் இருவரைப் படுக்க வைப்பதும் உண்டு. “கட்டில் சின்னது” என்றால் அது எழுதியவரின் உடம்பைப் பற்றிய செய்தி. “120 சென்டிமீட்டர், டபுள் என்று விற்றார்கள்” என்றால் கட்டிலைப் பற்றிய செய்தி. குளியலறை விஷயத்திலும் விளம்பர வார்த்தையைக் கவனிக்காமல் கோபப்படுகிறவர்கள் நிறைய. ‘என்சூட்’ என்றால் அறைக்குள்ளேயே இருக்கும். ‘பிரைவேட் பாத்ரூம்’ என்றால் உங்களுக்கு மட்டும்தான், ஆனால் நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் இருக்கக்கூடும். நைட்டியோடு கதவைத் திறந்து போய்வர வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பதிவு செய்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதுவது தவறு.

கடல் தெரியவில்லை என்ற புகாருக்கு வருவோம். வெஸ்டன்-சூப்பர்-மேர் இருக்கும் பிரிஸ்டல் கால்வாய்ப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. வற்றம் வந்தால் தண்ணீர் ஒரு மைலுக்கும் மேலே பின்வாங்கிவிடும். ஜன்னலில் தெரிவது பழுப்புச் சேறுதான். சவுத்எண்டிலும் இதே கதை. அங்கே பாலத்துறை 2.14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போவதே, வற்ற நேரத்திலும் படகு வந்து ஒட்ட வேண்டும் என்பதற்காகத்தான். ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பார்த்து, எந்த நேரத்தில் பார்த்தோம் என்று சேர்த்து எழுத வேண்டும். விட்பி, ஸ்கார்பரோ பக்கம் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் ‘சீ ஃப்ரெட்’ என்ற கடல்மூட்டம் வந்து கவிழும். இரண்டு தெரு தள்ளி வெயில் அடிக்கும்போது கரையில் எதிர்வீடுகூடத் தெரியாது. அதற்கு விடுதிக்காரர் என்ன செய்வார்? ஆனால் ‘சீ வியூ’ என்று காசு வாங்கிக்கொண்டு, கழிவறைத் தொட்டிமேல் ஏறி நின்றால் மட்டும் தெரியும் கடலைக் கொடுத்தால் அதைப் படத்தோடு போடுங்கள். ‘பார்ஷியல் சீ வியூ’ என்று எழுதியிருந்தார்களா என்பதை முதலில் சரிபார்த்துக்கொண்டு.

ஜன்னல் கண்ணாடி மங்கலாக இருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. உப்புக் கரித்தால் அது அலைத்துளி. துடைத்த சில நாளிலேயே மறுபடி படியும். ஜன்னல் இடுக்கில் கருப்பாகப் புள்ளிவிட்ட பூஞ்சையும், உரிந்து தொங்கும் சுவர்த்தாளும் வேறு விஷயம். அது பராமரிப்புக் குறை, தயங்காமல் எழுதலாம். சீகல் பறவைகளின் கூச்சலும் அடிக்கடி வரும் புகார். மே முதல் ஜூலை வரை அவை கூரைமேல் கூட்டில் குஞ்சு வளர்க்கும். ஜூன் மாதம் விட்பியில் நாலரை மணிக்கே பொழுது விடிந்துவிடும், கச்சேரியும் அப்போதே ஆரம்பிக்கும். 1981ஆம் வருஷச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்ட பறவைகள். இஷ்டத்துக்குக் கூட்டைக் கலைக்க முடியாது. திரைச்சீலை வெளிச்சத்தை மறைத்ததா, ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா என்பதை எழுதினால் போதும்.

இனி மீன் கடை, அதாவது மீனும் சிப்ஸும் பொரித்து விற்கும் ‘சிப் ஷாப்’. அதிகத் தவறு நடப்பது இங்கேதான்.

கடலோரத்தில் இருப்பதால் மீன் அன்று காலை எதிரே பிடித்ததாக இருக்கும் என்று நினைப்பதில் தொடங்குகிறது முதல் தவறு. சிப் ஷாப்களில் பொரிக்கும் காட், ஹேடாக் என்ற இரண்டு மீன்களில் பெரும்பகுதி நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் குளிர்க்கடல்களில் பிடித்துக் கப்பலிலேயே உறையவைத்தது. அது மட்டமில்லை; பிடித்த சில மணி நேரத்துக்குள் உறைந்த மீன், மூன்று நாள் ஐஸில் கிடந்த ‘ஃப்ரெஷ்’ மீனைவிட நன்றாகவே இருக்கும். உள்ளூர்ப் பிடிப்பு என்று பலகையில் எழுதியிருந்தால் மட்டும், எந்தப் படகு, எந்தத் துறை என்று கேளுங்கள். உண்மையென்றால் பெருமையாகச் சொல்வார்கள்.

ஊருக்கு ஊர் வழக்கமும் மாறும். யார்க்‌ஷயர் கரையில் ஹேடாக், தோல் உரித்துப் பொரிப்பார்கள். தெற்கே போனால் காட்தான் ராஜா, பெரும்பாலும் தோலோடு. பிரைட்டனில் தோலைப் பார்த்துவிட்டு “மீனைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை” என்று எழுதினால் சிரிப்பார்கள். ‘ராக் சால்மன்’ என்று தெற்கே கேட்டால் வருவது சால்மன் இல்லை, சின்னச் சுறா வகை.

அடுத்தது பொரிக்கும் கொழுப்பு. நம்மவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியதும், ரிவ்யூவில் கட்டாயம் எழுத வேண்டியதும் இதுதான். விட்பி, ஸ்கார்பரோ, பிரிட்லிங்டன் பக்கம் பல கடைகளில் பொரிப்பது மாட்டுக்கொழுப்பில், அதாவது பீஃப் டிரிப்பிங்கில். மீன் மட்டுமில்லை, சிப்ஸும் அதிலேதான். “சைவக்காரர்கள் சிப்ஸ் சாப்பிட்டுக்கொள்ளலாம்” என்று போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நம்பி, மாட்டிறைச்சி தொடாத குடும்பம் ஒன்று பெட்டி பெட்டியாக வாங்கிச் சாப்பிட்டுவிடும். தெற்கே தாவர எண்ணெய்தான் அதிகம், ஆனால் மீன் பொரித்த அதே வாணலியில் சிப்ஸ் விழக்கூடும். கேட்க வேண்டியவை இரண்டே: எதில் பொரிக்கிறீர்கள்? சிப்ஸுக்குத் தனி வாணலியா? பதிலை அப்படியே எழுதுங்கள், கேட்ட தேதியோடு.

மாவு நமுத்துவிட்டது என்ற புகார் இன்னொன்று. 180 டிகிரிச் சூட்டிலிருந்து வெளியே வந்த மீனுக்குள் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டி மூடியை அழுத்திச் சாத்தினால் ஆவி மூடியில் பட்டு நீராகி மாவின் மேலேயே சொட்டும். ஐந்து நிமிஷம் பரவாயில்லை; விடுதிவரை இருபது நிமிஷம் நடந்தால் முறுகல் காலி. கடை வாசலிலேயே பிரித்து முதல் கடியைக் கடித்துவிட்டு மார்க் போடுங்கள், பிடுங்கித் தின்னும் சீகலுக்கு முதுகைக் காட்டாமல். தூக்கிக்கொண்டு போவதானால் மூடியைத் திறந்தே வையுங்கள். வாசலிலேயே பிரித்த சூடான பெட்டியிலும் மாவு சொதசொதவென்று இருந்து, அடியில் வேகாத கூழ் ஒட்டியிருந்தால் எண்ணெய்ச் சூடு போதவில்லை. அது கடையின் தவறு.

சிப்ஸ் மொறுமொறுவென்று இல்லை என்பார்கள். இருக்காது. இது பர்கர் கடைக் குச்சிச் சிப்ஸ் இல்லை. தடியாக வெட்டி, உள்ளே மாவாக, வெளியே லேசாக முறுகியிருப்பதுதான் பதம். சில வாரங்களில் சிப்ஸ் சட்டென்று கருத்துவிடும்: குளிரில் சேமித்த பழைய உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் வருவது. கோடையில் புதுக்கிழங்கு வரும்போது நீர் அதிகமாகித் துவண்டு போகும். கெட்டிக்காரக் கடைக்காரர் கிழங்கைச் சோதித்து மாற்றுவார், ஆனாலும் எந்த மாதம் சாப்பிட்டீர்கள் என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

பருவம் மற்றவற்றுக்கும் உண்டு. விட்ஸ்டபிள் ஊரின் ‘நேட்டிவ்’ என்ற நாட்டுச் சிப்பி செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான். ஜூலையில் போய் இல்லையென்று திட்டக்கூடாது.

பப்பில் மேசையில் உட்கார்ந்து இருபது நிமிஷம் காத்திருந்துவிட்டு “யாரும் கண்டுகொள்ளவில்லை” என்று எழுதுகிறவர்களும் உண்டு. பெரும்பாலான பப்களில் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டரில் போய்ச் சொல்லி, காசும் அங்கேயே கொடுக்க வேண்டும். காத்திருப்பை, ஆர்டர் சொன்ன நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். அடுப்பு பல இடங்களில் மதியம் இரண்டரைக்கும் இரவு எட்டரை, ஒன்பதுக்கும் அணைந்துவிடும். நவம்பர் முதல் ஈஸ்டர்வரை கடையே மூடியிருக்கக்கூடும். மது விற்க உரிமம் உள்ள இடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும், அது சட்டம். மறுத்தால் எழுதுங்கள். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ‘விருப்பம்’ என்று இருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்பதால், முதலாளிமேல் உள்ள கோபத்தில் அதை எடுத்தால் அடி பரிமாறிய பையனுக்குத்தான்.

கதவில் ஒட்டியிருக்கும் பச்சை ஸ்டிக்கரின் 0 முதல் 5 வரையிலான எண்ணை ருசிக்கான மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உணவைக் கையாளும் சுத்தம், கட்டட நிலை, நிர்வாகப் பதிவுகள் ஆகியவற்றுக்கானது. வேல்ஸில் அதை ஒட்டியே ஆகவேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் அரசின் உணவுத் தர அமைப்பான ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சி தளத்தில் கடைப்பெயரைத் தேடி, சோதனை நடந்த தேதியையும் பாருங்கள்.

வயிற்றுக்கோளாறு என்றால் கடைசியாகச் சாப்பிட்ட கடைமேல் பாய்வது இயல்பு. நோரோவைரஸ் வேலையைக் காட்ட 12 முதல் 48 மணி நேரமாகும். கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா இரண்டு முதல் ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். ஞாயிறு இரவு வாந்திக்கு ஞாயிறு மதிய இறால்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகமிருந்தால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லுங்கள், அவர்களால் சமையலறைக்குள் போய்ப் பார்க்க முடியும். “விஷம் வைத்தார்கள்” என்று ரிவ்யூவில் எழுதுவது அவதூறு வழக்குவரை போகலாம். 2013ஆம் வருஷ அவதூறுச் சட்டம் உண்மைக்கும் நேர்மையான கருத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் கருத்து எதை அடிப்படையாகக் கொண்டது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இலவச இரவு வாங்கிக்கொண்டு அதை மறைத்துப் புகழ்வதும், போகாத இடத்துக்கு எழுதுவதும் 2025 ஏப்ரல் 6 முதல் புதிய நுகர்வோர் சட்டத்தின் தடைப்பட்டியலில் இருக்கின்றன. காசைக் குறைக்காவிட்டால் ஒரு நட்சத்திரம் போடுவேன் என்று மிரட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குறை இருந்தால் அங்கேயே, அன்றே சொல்ல வேண்டும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சுடவில்லை என்று இரவு எட்டு மணிக்குச் சொன்னால் அறை மாற்றித் தரலாம். வீட்டுக்குப் போய் எழுதினால் ஒன்றும் செய்ய முடியாது. சொன்னீர்களா, என்ன செய்தார்கள் என்பது ரிவ்யூவில் மிக மதிப்புள்ள வரி. எழுத அவகாசமும் இருக்கிறது: ஏர்பிஎன்பியில் 14 நாள், புக்கிங் டாட் காமில் காலி செய்த பின் மூன்று மாதம். ரயிலிலேயே கொதிப்போடு தட்ட வேண்டியதில்லை.

தொடக்கத்தில் பார்த்த ரிவ்யூவை ஒழுங்காக எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: “ஆகஸ்ட், வெள்ளி, சனி, இரண்டு இரவு, இருவருக்குக் காலைச் சாப்பாட்டோடு இரவுக்கு 140 பவுண்டு. மூன்றாம் மாடி, அறை 7, பின்பக்கம். கடல் தெரியாது, தெரியுமென்று அவர்களும் சொல்லவில்லை. லிஃப்ட் இல்லை. கட்டில் 120 சென்டிமீட்டர். ஷவர் வெந்நீர் காலை எட்டரைக்கு வெதுவெதுப்பாகிவிட்டது. சொன்னதும் மன்னிப்புக் கேட்டார்கள், மறுநாளும் அப்படியே. சைவச் சாசேஜ் முதல்நாளே சொல்லிவைத்ததால் தனி வாணலியில் வந்தது.”

வெந்நீரைச் சரிசெய்துவிட்டோம் என்று பிறகு அவர்கள் பதில் போட்டிருந்தால், போய்ப் பார்க்காமல் மார்க்கை ஏற்ற வேண்டாம். அந்தப் பதில் வந்த தேதியை மட்டும் கீழே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.