ஒரு மிஷனெரி குடும்பத்தைச் சபை அறிந்துகொள்ள

மிஷனெரி ஊழியத்துக்குக் காணிக்கை கொடுப்பது திருநெல்வேலிச் சபைகளுக்குப் புதிதல்ல. 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்னக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பிய மண் இது. ஆனாலும் ஆராதனை முடிந்து வருகிறவர்களிடம் "நம் மிஷனெரி யார்?" என்று கேட்டால், காணிக்கை உறையில் அச்சிட்ட சங்கத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மிஷனெரி ஜெபக்குழுவைக் கவனித்துவருகிறவளாகச் சொல்கிறேன்: பணித்தளங்களின் நீண்ட பட்டியலை வாசிப்பதை நிறுத்துங்கள். மிஷனெரி சங்க அலுவலகத்தில் கேட்டு, ஒரே ஒரு மிஷனெரி குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு எழுதும் முதல் கடிதத்தில் "எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்?" என்று கேட்க வேண்டாம், கணக்குக் கேட்பவர்களுக்கு அறிக்கைதான் வரும். குடிதண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், அங்குள்ள மொழி நாவில் பழகிவிட்டதா என்று கேளுங்கள். முக்கியமாக, மிஷனெரியின் மனைவிக்குத் தனியாக எழுதுங்கள். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் சந்தைக்குப் போக வழியில்லை, அந்த வாரங்களில் பருப்பும் உருளைக்கிழங்கும்தான் என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அதை வாசித்த கூட்டத்தில், எப்போதும் "எல்லா மிஷனெரிமாரையும் ஆசீர்வதியும்" என்று முடிக்கும் பாட்டி ஒருவர், "ஆண்டவரே, அந்த ஓடையை வடியப்பண்ணும்" என்று கண்ணீரோடு ஜெபித்தார். ஜெபக்குறிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கடிதம் எழுதட்டும், தமிழிலேயே. இந்தியிலோ ஒடியாவிலோ படிக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய பரிசு.

கைப்பிடி அரிசியை விட்டுவிடாதீர்கள். மிசோரம் பெண்கள் 1910-இல் தொடங்கிய அந்த வழக்கம் அங்கே இன்றும் திருச்சபையைத் தாங்குகிறது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போடும்போது, அந்தக் குடும்பத்தைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். மாதக் கடைசியில் ஆலயத்தில் சேர்த்து விற்று அனுப்பலாம். பணம் சிறிதாக இருக்கலாம். ஆனால் சமைக்கிறவர் ஒரு நாளும் அவர்களை மறக்க முடியாது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஒடிசாவில் 1967 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. வேறு பல மாநிலங்களிலும் உண்டு. ஊர்ப்பெயரும் விசுவாசிகளின் புகைப்படமும் உள்ள கடிதத்தை வாட்ஸ்அப்பில் பரப்பினால் அங்கே ஒரு குடும்பம் துன்பப்படக்கூடும். கூட்டத்தில் வாசியுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

பழகிய பிறகு ஆள் அனுப்புங்கள். பிலிப்பி சபை பவுலுக்குக் காணிக்கையோடு எப்பாப்பிரோதீத்து என்ற சகோதரரையும் அனுப்பியது. பஸ் பிடித்துச் சுற்றுலாவாகப் போக வேண்டாம். இரண்டு மூன்று பேர் போதும். போகுமுன் எந்த மாதம் வசதி, என்ன கொண்டுவரலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். புளி, அப்பளம், தமிழ்ப் பாட்டுப்புத்தகம் என்று பதில் வரலாம்.

விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது உடனே பிரசங்க மேடையில் ஏற்றாதீர்கள். முதல் ஞாயிறு உங்களோடு பெஞ்சில் உட்காரட்டும். வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். பிள்ளைகளுக்குப் பல் வலியோ கண் பரிசோதனையோ இருந்தால் சபையிலுள்ள மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாட்சி சொல்வதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். அப்போது மனைவிக்கும் நேரம் கொடுங்கள்.