ஜிம்னி டிக்கியில் ஃபிரிட்ஜ் பொருத்துவது எப்படி

கார் பேட்டரியில் ஓடும் ஃபிரிட்ஜில் எந்த கம்பெனியுடையதை வாங்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியை, அதை எதில் கட்டுவது, எந்த வயரில் கரண்ட் கொடுப்பது என்பதற்குச் செலவிடுங்கள். காட்டுப்பாதையில் தகராறு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

மாருதியின் ஐந்து கதவு ஜிம்னியில் பின்சீட்டை மடிக்காமல் டிக்கி 208 லிட்டர், மடித்தால் 332. ஆகவே 35–40 லிட்டர் ஃபிரிட்ஜ் என்றால் ஒரு பக்கச் சீட்டையாவது மடித்துவிடுங்கள். வாங்குவதற்கு முன்பே அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை உள்ளே வைத்துப் பாருங்கள், மூடி மேல்பக்கம் முழுசாகத் திறக்க இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து. காற்றுத் துளைகள் உள்ள பக்கம் ஒரு சாண் இடைவெளி வேண்டும். அங்கே பையைத் திணித்தால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும்.

சரி, கட்டுவது. பொருளோடு சேர்த்து 35 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் மோதலில் 20 ஜி விசை, அதாவது எடையைப் போல 20 மடங்கு, வந்தால் அது 700 கிலோ போல முன்சீட்டை நோக்கிப் பாயும். ரப்பர் கயிறு, துணி உலர்த்தும் கயிறு எல்லாம் வேண்டவே வேண்டாம். ஈரம் தாங்கும் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டைத் தரை அளவுக்கு வெட்டி, வண்டியில் ஏற்கனவே இருக்கும் சீட் போல்ட் அல்லது கொக்கித் துளைகளில் இறுக்குங்கள். ஃபிரிட்ஜை அந்தப் பலகையில் எம்8 போல்ட், அகல வாஷர், குலுக்கலில் எளிதில் கழலாத நைலாக் நட் போட்டுப் பிடித்து, மேலே இரண்டு ராட்செட் ஸ்ட்ராப் (நெம்பி இறுக்கும் பட்டை). தரையில் புதுசாகத் துளை போட்டே ஆகவேண்டும் என்றால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்து எரிபொருள் டேங்க், பிரேக் பைப், வயர் எதுவும் குறுக்கே இல்லை என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள். ஃபிரிட்ஜை வெளியே இழுக்க உதவும் ஸ்லைடு பார்க்க அழகுதான், ஆனால் அதுவே பத்து கிலோவுக்கு மேல் வரும். சின்ன வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம் வயர். ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து பின்னால் போய்த் திரும்ப 10 மீட்டர் என்று கணக்குப் போட்டால், 1 சதுர மில்லிமீட்டர் வயரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி நன்றாக இருந்தும் ஃபிரிட்ஜ் 'வோல்டேஜ் குறைவு' என்று அணைந்துபோக இதுவே போதும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்தான். பாசிட்டிவ் முனையில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். இல்லாவிட்டால் வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீதான். ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) துளையில் வயர் உரசாமல் இருக்க ரப்பர் வளையமான குரோமெட், பிறகு முழு நீளத்துக்கும் கொருகேட்டட் (நெளி) குழாய். பின்னால் சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டாம், குலுக்கலில் பிளக் நழுவிவிடும். இறுகப் பிடித்துக்கொள்ளும் ஆண்டர்சன் பிளக் போடுங்கள்.

தனி பேட்டரி இல்லாமல் ஸ்டார்ட்டிங் பேட்டரியிலேயே ஓட்டுகிறீர்களா? பேட்டரி இறங்கினால் ஃபிரிட்ஜைத் தானாக அணைக்கும் கட்-ஆஃப் அமைப்பை 'ஹை'யில் வையுங்கள், இல்லையென்றால் காலையில் பீர் சில்லென்று இருக்கும், வண்டி கிளம்பாது. கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டுக் கரண்டில் ஃபிரிட்ஜைக் குளிர வைத்து, குளிர்ந்த பொருளையே உள்ளே அடுக்குங்கள். முதல் கரடுமுரடான பாதை முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், ஏதாவது ஒன்று தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.