பழைய பென்சில் உருவப்படம்: பார்த்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

அமெரிக்க அருங்காட்சியகங்களில் உள்ள 19ஆம் நூற்றாண்டு உருவப்படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கோட்டை விடுவது, படம் எதனால் வரையப்பட்டது என்பதில்தான். கறுப்பு வெள்ளையில் இருந்தால் பென்சில் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஓவியர் ஈஸ்ட்மன் ஜான்சன் 1846இல் வரைந்த எழுத்தாளர்கள் எமர்சன், ஹாதார்ன் ஆகியோரின் படங்கள் கிரேயானில் வரைந்தவை. குழந்தைகளின் மெழுகுக் கிரேயான் அல்ல, கரி, சாக் வகை. நேரில் பார்த்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள்: பென்சில் கோடு சாம்பல் நிறத்தில் மினுங்கும், கரி மினுங்காது. இன்னொரு எழுத்தாளரான தோரோவின் குடும்பத் தொழிலே பென்சில் தயாரிப்புதான். ஆனால் 1854இல் ஓவியர் சாமுவேல் ரவுஸ் அவரை வரைந்தது கிரேயானில்!

அப்புறம் தேதி. தாளின் வாட்டர்மார்க்கில் (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி) ஆண்டு இருந்தால் அதுவே படத்தின் ஆண்டு ஆகிவிடாது. அந்தத் தாளை வாங்கிப் பல வருடம் கழித்தும் வரைந்திருக்கலாம். ஓரத்தில் இருக்கும் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். பேரனோ பேத்தியோ பிற்பாடு எழுதியதாக இருக்கலாம். மையும் கையெழுத்தும் ஓவியரின் கையொப்பத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

‘எதிரில் உட்காரவைத்து வரைந்த படம்’ என்று எழுதுவதற்கு முன்னால் கோட்டுப் பொத்தான்களைக் கவனியுங்கள். 1839இல் டாகெரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறை வந்த பிறகு, அந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைவதும் நடந்தது. டாகெரோடைப் பெரும்பாலும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியே பதியும். ஆண்கள் உடையில் பொத்தான் அவர்களின் வலப்பக்கம் இருப்பது வழக்கம். படத்தில் அது இடப்பக்கம் இருந்தால், தலைவகிடும் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததோ என்று சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான். இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டை எந்தப் பக்கமும் போட்டுக்கொள்ளலாமே!

படத்தைத் தேடி நேரே காட்சிக்கூடத்துக்குப் போய் ஏமாறுவது இன்னொன்று. பென்சில் கோடு வெளிச்சத்தில் மங்காது, சரி. ஆனால் தாள் பழுக்கும். அதனால் 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியில் சில மாதங்கள் வைத்துவிட்டு எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி, ஆய்வறையில் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.